மரண அறிவித்தல் முதல் சங்க நோட்டீஸ் வரை: பொருள் மாறாமல் நிறுத்தக்குறி இடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன அச்சகத்துக்கு வரும் எழுத்துவேலையை எடுத்துப் பாருங்கள். மரண அறிவித்தல், 31ஆம் நாளுக்கான கல்வெட்டு (நினைவுப் புத்தகம்), கலியாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், சனசமூக நிலையக் கூட்ட அறிக்கை. எல்லாம் நீள வசனங்கள், எல்லாவற்றிலும் பெயர்கள் நிரம்பிக் கிடக்கும். புதிதாக மெய்ப்புப் பார்க்க வருகிறவர்கள் எழுத்துப்பிழையைத் தேடித்தேடித் திருத்துவார்கள். குறிகளை மட்டும் கடைசியில், மூச்சு வாங்குகிற இடம் பார்த்துத் தூவிவிட்டுப் போவார்கள். உயிரோடு இருக்கிற ஆச்சி காலமானவர் ஆவதும், ஒரு பிள்ளை இரண்டு பிள்ளை ஆவதும் அங்கேதான்.

கீழே உள்ள படிகளை அதே ஒழுங்கில் செய்யுங்கள். காற்புள்ளி ஆறாவது படியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் உள்ள ஐந்தையும் ஒழுங்காகச் செய்தால், இட வேண்டிய காற்புள்ளிகள் பாதியாகக் குறைந்துவிடும். உதாரணங்களில் உள்ள பெயர்கள் எல்லாம் மாதிரிக்கு வைத்தவை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வீட்டுக்காரர் எழுதித் தந்த தாள். தட்டச்சு முடிந்ததும் அதைக் கசக்கி எறிய வேண்டாம். சந்தேகம் வரும்போது ஒரு புள்ளி அவர் வைத்ததா, நீங்கள் வைத்ததா என்று பார்க்க வேறு வழி இல்லை.

விவரம் தெரிந்த ஒருவரின் தொலைபேசி இலக்கம். முக்கியமானது இதுதான். வெளிநாட்டில் இருந்து வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பும் பிள்ளைகளுக்குப் பெரியப்பாவின் முழுப்பெயர் பல வேளைகளில் தெரியாது, வீட்டில் கூப்பிடும் பெயர்தான் தெரியும். ஊரில் இருக்கும் மூத்தவர் ஒருவரைப் பிடியுங்கள்.

கடதாசியில் எடுத்த பிரதியும் பென்சிலும். திரையில், அதுவும் கைத்தொலைபேசித் திரையில், காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கடைசியாக, அந்தக் குடும்பத்தையோ சங்கத்தையோ அறியாத ஒருவர். அவருடைய வேலை கடைசிப் படியில் வரும்.

2. குறியைத் தொடாமல் முதலில் விஷயத்தைக் கேளுங்கள்

இப்படி ஒரு தாள் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

“அன்னார் காலஞ்சென்ற சின்னத்தம்பி நாகம்மா தம்பதிகளின் அன்பு மகனும் காலஞ்சென்ற கதிரவேலு தங்கம்மா தம்பதிகளின் அன்பு மருமகனும் புவனேஸ்வரியின் அன்புக் கணவரும் ரவி சந்திரன் வாணி (கனடா) ஆகியோரின் பாசமிகு தந்தையும் காலஞ்சென்ற மகேஸ்வரி இராசம்மா பொன்னுத்துரை ஆகியோரின் அன்புச் சகோதரரும் ஆவார்.”

இதில் உடனே பென்சிலை வைப்பதுதான் எல்லாருக்கும் வருகிற முதல் பிழை. நாகம்மா இருக்கிறாரா இல்லையா? பிள்ளைகள் எத்தனை பேர், இரண்டா மூன்றா? கனடாவில் இருப்பது யார்? சகோதரர்களில் காலமானவர் மகேஸ்வரி மட்டுமா, மூன்று பேருமா? எந்தக் கேள்விக்கும் இந்தத் தாளில் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் நீங்கள் இடும் குறி ஊகம்தான்.

போனை எடுத்துக் கேளுங்கள்.

“அண்ணை, நாகம்மா ஆச்சி இருக்கிறாவோ?”

“ஓம், இருக்கிறா. தொண்ணூறு தாண்டிட்டுது.”

“கதிரவேலர், தங்கம்மா?”

“ரெண்டு பேரும் இல்லை.”

“ரவி, சந்திரன் ரெண்டு பேரோ?”

“இல்லைத் தம்பி, ரவிச்சந்திரன். ஒரே ஆள். அவர்தான் கனடா. வாணி இஞ்சை கொக்குவிலிலை.”

“மகேஸ்வரி, இராசம்மா, பொன்னுத்துரை?”

“பொன்னுத்துரை மட்டும்தான் இருக்கிறார். மற்ற ரெண்டு பேரும் இல்லை.”

இந்தப் பதில்களை வசனமாக எழுதாமல் ஒரு தாளில் உறவுப்படமாகக் கீறி வையுங்கள். காலமானவர்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிலுவைக்கோடு. இனி வரும் படிகளில் வசனத்தை இந்தப் படத்தோடு ஒப்பிட வேண்டும், உங்கள் நினைவோடு அல்ல.

3. வினைமுற்றைத் தேடி முற்றுப்புள்ளி வையுங்கள்

தமிழில் வசனத்தை மூடுவது வினைமுற்று. ஆவார், காலமானார், நடைபெறும், ஏற்றுக்கொள்ளவும். ஆகவே முதலில் வினைமுற்றுகளை மட்டும் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் நிறுத்தலாமா என்று பாருங்கள். முற்றுப்புள்ளியை முதலில் வைப்பதற்குக் காரணம், அது வேலி போடுகிறது. ஒரு சொல் எந்த வசனத்துக்குச் சொந்தம் என்று தெரிந்த பிறகுதான் வசனத்துக்குள் பிரிக்கலாம்.

வேலி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாட்டுக் காசு பற்றிய ஒரு குறுஞ்செய்தி போதும்:

“காசை மாமாவிடம் கொடுங்கள் வேண்டாம் அண்ணனிடம்”

“காசை மாமாவிடம் கொடுங்கள். வேண்டாம் அண்ணனிடம்.” என்றால் மாமாவுக்கு. “காசை மாமாவிடம் கொடுங்கள்... வேண்டாம், அண்ணனிடம்.” என்றால் எழுதியவர் பாதியில் மனம் மாறி அண்ணனுக்கு. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. ‘வேண்டாம்’, ‘இல்லை’, ‘சரி’, ‘ஓம்’ போன்ற சொற்கள் தனியாகவும் நிற்கும், பக்கத்தில் இருக்கும் சொல்லையும் பிடிக்கும். அவை வரும் இடமெல்லாம் முன்னும் பின்னும் பாருங்கள்.

இங்கே புதியவர்கள் செய்யும் இன்னொரு பிழை, வினையெச்சத்துக்குப் பின்னால் முற்றுப்புள்ளி வைப்பது. “பூதவுடல் இல்லத்தில் அஞ்சலிக்காக வைக்கப்பட்டு. பின்னர் மயானத்துக்கு எடுத்துச் செல்லப்படும்.” ‘வைக்கப்பட்டு’ முடியாத வினை. அங்கே எந்தக் குறியும் தேவையில்லை.

4. அடை எந்தச் சொல்லைப் பிடிக்கிறது என்று பாருங்கள்

தமிழ் வசனத்தில் பொருள் மாறும் இடங்களில் பெரும்பாலானவை இங்கேதான் இருக்கின்றன. அடைமொழியும் எச்சமும் தங்களுக்குப் பின்னால் வரும் சொல்லை நோக்கிப் போகும். பின்னால் பிடிக்கக்கூடிய சொல் இரண்டு இருந்தால் வாசகர் கிட்ட இருப்பதைப் பிடித்துக்கொள்வார். எழுதியவர் தூர இருப்பதை நினைத்திருப்பார்.

சில மாதிரிகள்:

“நேற்று வந்த கடிதத்தைப் பார்த்தேன்.” கடிதம் வந்தது நேற்று. “நேற்று, வந்த கடிதத்தைப் பார்த்தேன்.” பார்த்தது நேற்று, கடிதம் எப்போது வந்ததோ தெரியாது. அலுவலகம் ஒன்றுக்குப் பதில் எழுதும்போது இந்த இரண்டுக்கும் நடுவில் காலக்கெடு ஒன்றே தவறிப்போகலாம்.

“அழுதுகொண்டு ஓடிய பிள்ளையைத் தாய் தேடினாள்.” அழுதது பிள்ளை. “அழுதுகொண்டு, ஓடிய பிள்ளையைத் தாய் தேடினாள்.” அழுதது தாய்.

பிரதேச சபைக்கு எழுதும் முறைப்பாட்டுக் கடிதங்களில் அடிக்கடி காண்பது: “வெளிச்சம் இல்லாத மக்கள் நடமாடும் ஒழுங்கை.” வெளிச்சம் இல்லாதது மக்களுக்கா, ஒழுங்கைக்கா? “வெளிச்சம் இல்லாத, மக்கள் நடமாடும் ஒழுங்கை” என்று காற்புள்ளி இட்டால் ஓரளவு தெளியும்.

பென்சிலால் செய்ய வேண்டியது இதுதான்: ஒவ்வொரு அடையிலும் எச்சத்திலும் இருந்து அது சேர வேண்டிய சொல்லுக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். அம்பு இடையில் வேறொரு பெயரைத் தாண்டிப் போனால் அந்த இடம் ஆபத்தானது. அந்த இடங்களை மட்டும் குறித்து வையுங்கள், இன்னும் திருத்த வேண்டாம்.

நம்முடைய மரண அறிவித்தலில் ‘காலஞ்சென்ற’ என்பதுதான் அந்த அடை. “காலஞ்சென்ற சின்னத்தம்பி நாகம்மா தம்பதிகளின்” என்றால் அந்தச் சொல் சின்னத்தம்பியோடு நிற்குமா, நாகம்மாவையும் சேர்த்துக்கொள்ளுமா? “காலஞ்சென்ற சின்னத்தம்பி, நாகம்மா” என்று நடுவில் காற்புள்ளி போட்டால் பிரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பிரியாது. வாசகர் அதைப் பட்டியலின் காற்புள்ளியாக எடுத்து இருவரையும் காலமானவர்கள் என்றே வாசிப்பார்.

5. காற்புள்ளிக்கு முன்னால் தமிழே தருவதைப் பயன்படுத்துங்கள்

ஏட்டுச்சுவடிகளில் குறிகள் கிடையாது. ஆனாலும் பொருள் தெரிந்தது. உம், ஆகிய, என்று, வேற்றுமை உருபு, சொல் ஒழுங்கு ஆகியவை அந்த வேலையைச் செய்தன. இன்றும் அவைதான் முதல் கருவி. காற்புள்ளி அடுத்தது. ஏனென்றால் காற்புள்ளி விழுந்துபோகும். தட்டச்சில் விழும், வடிவமைப்பில் விழும், ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்துக்கொண்டு போகிறவரின் வாயில் விழும். ‘உம்’ விழாது.

நான்காம் படியில் குறித்து வைத்த இடங்களுக்கு இப்போது திரும்பிப் போங்கள்.

சொல்லை இடம் மாற்றிப் பாருங்கள். “வந்த கடிதத்தை நேற்றுப் பார்த்தேன்.” “ஓடிய பிள்ளையைத் தாய் அழுதுகொண்டு தேடினாள்.” காற்புள்ளியே வேண்டாம். “மக்கள் நடமாடும் இந்த ஒழுங்கையில் வெளிச்சம் இல்லை.” கடிதம் எழுதியவர் சொல்ல வந்ததும் அதுதான்.

அடை இல்லாதவரை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். “வறிய மாணவர்கள், முதியோருக்கு உலர் உணவுப் பொதி வழங்கப்படும்” என்ற நோட்டீஸைப் பார்த்து வசதியான முதியவர் வருவாரா மாட்டாரா? “முதியோருக்கும் வறிய மாணவர்களுக்கும்” என்று திருப்பினால் ‘வறிய’ மாணவர்களை மட்டும் பிடிக்கும். இதே உத்திதான் நாகம்மா ஆச்சியையும் காப்பாற்றும்: “நாகம்மாவினதும் காலஞ்சென்ற சின்னத்தம்பியினதும் அன்பு மகனும்.” தாயின் பெயர் முதலில் வருகிறதே என்று யாராவது முகம் சுளித்தால், “காலஞ்சென்ற சின்னத்தம்பியினதும் நாகம்மாவினதும்” என்றும் வைக்கலாம். ஒவ்வொருவருக்கும் தனி உருபு இருப்பதால் அடை அவ்வளவு எளிதில் தாவாது. ஆனால் முதலாவதுதான் உறுதியானது.

இருவரும் காலமானவர்கள் என்றால் பன்மை: “காலஞ்சென்றவர்களான கதிரவேலு, தங்கம்மா தம்பதிகளின்.” இந்த ‘வர்களான’ வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துச் சுருக்குகிறவர்கள் உண்டு. முழு வேலையையும் அதுதான் செய்கிறது.

அடை தலைவரைச் சேருமா சங்கத்தைச் சேருமா என்ற வகைக் குழப்பத்துக்குக் காற்புள்ளி மருந்தே அல்ல. “புதிய சங்கத் தலைவர்” என்பதை “புதிய, சங்கத் தலைவர்” என்று எழுதினால் அழகும் இல்லை, தெளிவும் இல்லை. “சங்கத்தின் புதிய தலைவர்” என்று எழுதிவிட்டுப் போங்கள்.

இங்கே ‘மற்றும்’ பற்றி ஒரு வார்த்தை. உம் போட வேண்டிய இடமெல்லாம் அதைச் செருகும் பழக்கம் பரவிக் கிடக்கிறது. “காலஞ்சென்ற சின்னத்தம்பி மற்றும் நாகம்மா” என்று எழுதினால் பழைய குழப்பம் அப்படியே இருக்கிறது, ஒரு சொல் கூடியதுதான் மிச்சம்.

6. இப்போது காற்புள்ளி: பட்டியலா, பிரிப்பா என்று முடிவு செய்யுங்கள்

காற்புள்ளிக்கு இரண்டு வேலை. ஒன்று, ஒரே தரத்தில் உள்ளவற்றை அடுக்குவது. மற்றது, ஒட்டக்கூடாத இரண்டைப் பிரிப்பது. ஒரே வசனத்தில் இரண்டு வேலையையும் கொடுத்தால் வாசகருக்கு எது எது என்று தெரியாது.

சங்கக் கூட்ட அறிக்கை ஒன்றில் இப்படி ஒரு வரி:

“தலைவர், செயலாளர் கணக்குக் காட்டவில்லை என்றார்.”

எழுதியவர் நினைத்தது, செயலாளர் கணக்குக் காட்டவில்லை என்று தலைவர் சொன்னார் என்பது. வாசிப்பவர், தலைவரும் செயலாளரும் கணக்குக் காட்டவில்லை என்று யாரோ சொன்னார் என்றும் எடுக்கலாம். அடுத்த பொதுக்கூட்டத்தில் சண்டைக்கு இது போதும். காற்புள்ளியை எடுத்தாலும் தீராது, வைத்தாலும் தீராது. “செயலாளர் கணக்குக் காட்டவில்லை என்று தலைவர் சொன்னார்.” சொன்னவரைச் ‘சொன்னார்’ பக்கத்தில் நிறுத்துங்கள். அறிக்கை எழுதும் எவரும் இந்த ஒரு பழக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டாலே பெரிய லாபம்.

பெயர்ப்பட்டியலில் ஒவ்வொரு காற்புள்ளியும் ஓர் ஆள். “ரவி, சந்திரன்” இரண்டு பேர், “ரவிச்சந்திரன்” ஒருவர். நம் ஊரில் தகப்பன் பெயரை முன்னால் எழுதும் வழக்கம் வேறு இருக்கிறது. “சின்னத்தம்பி கனகசபை அவர்கள் காலமானார்” என்பதில் தெரியாமல் ஒரு காற்புள்ளி விழுந்தால் தகப்பனும் மகனும் ஒரே நாளில் போய்விடுவார்கள். எழுதி முடித்ததும் பட்டியலில் எத்தனை பெயர் என்று விரல்விட்டு எண்ணி, உறவுப்படத்தில் உள்ள தலைகளோடு சரிபாருங்கள்.

மகன் மருமகள், மகள் மருமகன் என்று சோடிசோடியாக எழுத வேண்டி வந்தால் அரைப்புள்ளி உதவும்: “ரவிச்சந்திரன், சுகந்தி; வாணி, குகன் ஆகியோரின்.” அரைப்புள்ளியைச் சனங்கள் கவனிக்க மாட்டார்கள் என்று தோன்றினால் பிள்ளைகளுக்கு ஒரு வரி, மருமக்களுக்கு ஒரு வரி என்று பிரித்துவிடுங்கள். நான் இரண்டாவதைத்தான் விரும்புவேன்.

பங்கு பிரிக்கிற வசனங்களில் மட்டும் கூடுதல் கவனம். “மகள், மகன், பேரன் ஆகியோருக்குச் சமமாக” என்றால் மூன்று பங்கு. “மகளுக்கும், மகன் பேரன் ஆகியோருக்கும் சமமாக” என்றால் இரண்டு பங்கு என்று வாதாடலாம். வீட்டுக்குள் எழுதி வைக்கிற குறிப்பாக இருந்தாலும் “மூன்று சம பங்காக” என்று எண்ணையும் எழுதுங்கள். உறுதி எழுதுவது நொத்தாரிசின் வேலை, அதில் அச்சகம் கை வைக்கக்கூடாது.

‘உம்’ வந்த இடத்தில் காற்புள்ளி வேண்டுமா? “அம்மாவும் அப்பாவும் வந்தார்கள்” என்ற அளவில் வேண்டாம். “மகனும், மருமகனும், கணவரும், தந்தையும்” என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பெயர்க்கூட்டம் இருக்கும்போது இடுங்கள், கண் தங்க இடம் கிடைக்கும்.

சரி, திருத்திய அறிவித்தல் இப்படி நிற்கும்:

“அன்னார், நாகம்மாவினதும் காலஞ்சென்ற சின்னத்தம்பியினதும் அன்பு மகனும், காலஞ்சென்றவர்களான கதிரவேலு, தங்கம்மா தம்பதிகளின் அன்பு மருமகனும், புவனேஸ்வரியின் அன்புக் கணவரும், ரவிச்சந்திரன் (கனடா), வாணி (கொக்குவில்) ஆகியோரின் பாசமிகு தந்தையும், பொன்னுத்துரையினதும் காலஞ்சென்றவர்களான மகேஸ்வரி, இராசம்மா ஆகியோரினதும் அன்புச் சகோதரரும் ஆவார்.”

இதில் உள்ள காற்புள்ளிகள் எல்லாம் உதிர்ந்துபோனாலும் யார் இருக்கிறார், யார் இல்லை என்பது மாறாது. அப்படி நிற்கிறதா என்று ஒவ்வொரு வசனத்திலும் சோதியுங்கள்.

7. ஒருவரை விளித்தால் பெயருக்குப் பின் காற்புள்ளி

இதில் விதிவிலக்கு வேண்டாம், எப்போதும் இடுங்கள். “ஐயா சொன்னதைக் கேளுங்கள்” என்றால் ஐயா சொன்னவர். “ஐயா, சொன்னதைக் கேளுங்கள்” என்றால் ஐயா கேட்க வேண்டியவர். “அம்மா வந்துவிட்டார்” என்றால் வந்தது அம்மா. “அம்மா, வந்துவிட்டார்” என்றால் அம்மாவிடம் வேறு யாரோ வந்ததைச் சொல்கிறோம். தமிழில் உறவுப்பெயரை எழுவாயாகவும் விளியாகவும் ஒரே வடிவில் வைத்துப் பேசுகிறோம், அதனால்தான் இந்தச் சிக்கல்.

8. யார் பேச்சு என்பதை மேற்கோட்குறியால் கட்டுங்கள்

“கணேசன் நான் பொறுப்பல்ல என்று சொன்னார்.” பொறுப்பில்லாதவர் கணேசனா, இதை எழுதுகிறவரா? ‘நான்’, ‘என்’, ‘எங்கள்’, ‘இங்கே’, ‘நாளை’ ஆகிய சொற்கள் பேசுகிறவரைப் பொறுத்துப் பொருள் மாறுபவை. அவை ‘என்று’ என்பதற்கு முன்னால் வந்தால் இரண்டே வழி. ஒன்று, அவர் சொன்னதை அப்படியே மேற்கோளுக்குள் வைப்பது: கணேசன், “நான் பொறுப்பல்ல” என்று சொன்னார். மற்றது, ‘தான்’ என்று மாற்றுவது: தான் பொறுப்பல்ல என்று கணேசன் சொன்னார். ‘நாளை’ என்றால் திகதியையே எழுதிவிடுங்கள்.

மேற்கோட்குறியை அழுத்தத்துக்காகப் பயன்படுத்த வேண்டாம். “சுத்தமான” நல்லெண்ணெய் என்று எழுதிய பலகையைப் பார்த்தால் எனக்கு அந்த எண்ணெயை வாங்க மனம் வராது.

9. அடைப்புக்குறி எத்தனை பேரை மூடுகிறது?

“ரவி, குமார், வாணி (கனடா)” என்றால் கனடாவில் ஒருவரா, மூவரா? ஒவ்வொரு பெயருக்கும் தனியாக ஊர் போடுங்கள். இடம் போதாவிட்டால் “கனடாவில் வசிக்கும் ரவி, குமார், வாணி” என்று முன்னால் கொண்டுவரலாம். ஆனால் அது மறுபடி அடையாகி நான்காம் படிச் சிக்கலைக் கொண்டுவரும் என்பதை மறக்க வேண்டாம். பதவிகளுக்கும் இதே கதை. “கந்தையா, செல்லம்மா (ஓய்வுபெற்ற அதிபர்)” என்று எழுதிவிட்டு அது கந்தையா மாஸ்டரைத்தான் குறிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

10. இடைவெளியும் ஒற்றும்கூடக் குறிகள்தான்

இலக்கணநூல் இவற்றை நிறுத்தக்குறி என்று சொல்லாது. ஆனால் பொருளை மாற்றுவதில் காற்புள்ளிக்குச் சளைத்தவை அல்ல. பழைய உரைகளில் வரும் ‘செம்பொன்பதின்றொடி’ என்ற உதாரணத்தை வகுப்பில் கேட்டிருப்பீர்கள். ‘செம்பொன் பதின்தொடி’ என்று பிரித்தால் பத்துத் தொடி நிறையுள்ள பொன். ‘செம்பு ஒன்பதின்தொடி’ என்று பிரித்தால் ஒன்பது தொடி செம்பு.

இன்றைய தட்டச்சில் அதிகம் பிழைக்கும் இடம் ‘தான்’. “அவர்தான் செய்த பிழையை ஒப்புக்கொண்டார்” என்றால் மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, அவர் ஒருவரே ஒப்புக்கொண்டார். “அவர் தான் செய்த பிழையை ஒப்புக்கொண்டார்” என்றால் பிழை செய்தவரே அவர். இங்கே “அவர், தான் செய்த பிழையை” என்று காற்புள்ளியும் இடுங்கள், இடைவெளியை மட்டும் நம்ப வேண்டாம். ‘விடு’, ‘கொள்’, ‘போடு’ ஆகியவையும் அப்படித்தான். “கடிதத்தை எழுதிவிட்டார்” என்றால் எழுதி முடித்தார். “கடிதத்தை எழுதி விட்டார்” என்றால் எழுதி, பிறகு அனுப்பினார் என்றும் வாசிக்கலாம்.

ஒற்றுக்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. ‘சின்னத்தம்பி’ ஒருவரின் பெயர். ‘சின்ன தம்பி’ என்றால் இளைய தம்பி. “சின்னத்தம்பியின் மகன்” என்ற இடத்தில் ஓர் ஒற்றும் ஓர் இடைவெளியும் மாறினால் தகப்பனே மாறிவிடுவார். ‘தந்த பலகை’ கொடுத்த பலகை, ‘தந்தப் பலகை’ யானைத்தந்தத்தால் ஆனது. கோயிலுக்கு உபயம் எழுதும்போது பிந்தியதை எழுதினால் உபயகாரருக்கு வில்லங்கம்.

11. எண், நேரம், தலைப்பெழுத்து

சுருக்கமாக முடிக்கலாம். மு.ப., பி.ப. என்பவற்றில் புள்ளிகளை விடாதீர்கள், நேரத்தை “மு.ப. 9.00” என்று எழுதுங்கள். “2, 3 மணி” என்றால் இரண்டு நிகழ்வா, இரண்டில் இருந்து மூன்று வரையா என்று தெரியாது. “2.00 மணி முதல் 3.00 மணி வரை” என்று எழுதுங்கள். திகதியை 03.04 என்று போட்டால் இங்கே உள்ளவர் ஏப்ரல் 3 என்று வாசிப்பார், அமெரிக்காவில் இருக்கும் உறவினர் மார்ச் 4 என்று வாசிப்பார். மாதத்தின் பெயரை எழுதுங்கள். தலைப்பெழுத்துக்குப் பின்னால் முற்றுப்புள்ளி, காற்புள்ளி அல்ல: “க. கனகசபை.”

12. வினாக்குறியும் வியப்புக்குறியும்

தமிழ் வினாவை ‘ஆ’, ‘ஓ’, யார், எப்போது என்பவையே சொல்லிவிடும். ஆகவே வினாக்குறி பொருளை மாற்றுவது, அவை இல்லாத வசனத்தில்தான். “காசு கட்டியாயிற்று.” என்பது தகவல், “காசு கட்டியாயிற்று?” என்பது விசாரணை. குறுஞ்செய்தியில் கேட்பதாக இருந்தால் “கட்டியாயிற்றா?” என்று எழுதிவிடுங்கள். “எப்போது வருவார் என்று கேட்டார்.” இதில் வினாக்குறி வராது, வசனம் தகவல் சொல்கிறது. வியப்புக்குறியை மரண அறிவித்தலில் எங்கே கண்டாலும் எடுத்துவிடுங்கள்.

13. பாமினியில் இருந்து யூனிகோடுக்கு மாற்றினால் மறுபடி பாருங்கள்

எங்கள் பக்கத்து அச்சகங்களில் பாமினி எழுத்துரு இன்னும் புழங்குகிறது. அதில் காற்புள்ளி விசை இருக்கும் இடத்தில் ‘இ’ இருக்கிறது, அரைப்புள்ளி விசையில் மெய்யெழுத்துக்கான புள்ளி இருக்கிறது. பழைய கோப்பை மாற்றும்போது, அல்லது எழுத்துருவை மாற்றாமல் காற்புள்ளி அடிக்கும்போது, “கதிரவேலுஇ தங்கம்மா” என்று வந்து நிற்கும். இணையத்தில் பழைய கட்டுரைகளில் இதைக் கண்டிருப்பீர்கள்.

பிடிக்க ஒரு சுலபமான வழி: கோப்பில் ‘இ’ எழுத்தும் அதற்குப் பின்னால் ஓர் இடைவெளியும் சேர்த்துத் தேடுங்கள். தமிழ்ச்சொல் எதுவும் தனி ‘இ’ எழுத்தில் முடியாது. தலைப்பெழுத்து ‘இ.’ என்பதற்குப் புள்ளி இருக்கும். ஆகவே கிடைப்பது ஏறத்தாழ எல்லாமே தொலைந்த காற்புள்ளிதான். ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றும் கட்டளையைக் கொடுக்காமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

14. கடைசி வாசிப்பு

வடிவமைத்து முடிந்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் வரி உடையும் இடமும் ஒரு குறியாகிவிடுகிறது. “கட்டணம் இல்லை புத்தகம் வழங்கப்படும்” என்ற ரியூசன் நோட்டீஸில் ‘கட்டணம்’ முதல் வரியின் கடைசியிலும் “இல்லை புத்தகம்” அடுத்த வரியின் தொடக்கத்திலும் விழுந்தால் தகப்பன்மார் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுத்தான் வருவார்கள். இரண்டு வசனமாக்கி, இரண்டு வரியில் வையுங்கள்.

அப்புறம், முதல் படியில் சொன்ன அந்த அறியாத மனிதரிடம் பிரதியைக் கொடுங்கள். “பிழை இருக்கிறதா பார்” என்று கேட்க வேண்டாம். அப்படிக் கேட்டால் எழுத்துப்பிழையைத்தான் தேடுவார். கேள்விகளாகக் கேளுங்கள்: பிள்ளைகள் எத்தனை பேர்? இதில் உயிரோடு இருப்பவர்கள் யார் யார்? கனடாவில் இருப்பவர் யார்? கிரியை எத்தனை மணிக்கு? அவர் சொல்லும் பதிலை உறவுப்படத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு பதில் பிசகினால் அவர் கவனமில்லாமல் வாசித்தார் என்று சொல்லித் தப்ப வேண்டாம். செத்தவீட்டு வாசலில் நின்று வாசிக்கிறவர்களும் அதே கவனத்தோடுதான் வாசிப்பார்கள். அந்த வசனத்தை எடுத்துக்கொண்டு ஐந்தாம் படிக்குப் போங்கள்.

எல்லாம் சரி என்றால் வீட்டுக்காரருக்கு அனுப்பி, “சரி” என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள். அதற்குப் பிறகு ஒரு பெயரைச் சேர்க்கச் சொல்லித் தொலைபேசி வரும், கட்டாயம் வரும். பெயரைச் சேர்த்ததும் அந்த வரியை மட்டும் பார்த்து அச்சுக்கு விடாமல், அதற்கு முன்னால் உள்ள அடையையும் பின்னால் உள்ள அடைப்புக்குறியையும் பார்த்து, புதிய பிரதியை மறுபடி அனுப்புங்கள்.